வீடும் பள்ளியும் ஒரே மொழி பேசட்டும்



ஜூன் மாதம் வந்துவிட்டால் நம் பள்ளிகளின் வாசல்கள் புதுச் சீருடைகளாலும் புதுப் பைகளாலும் நிறைந்துவிடுகின்றன. மாலையில் அதே வாசலில் பெற்றோர் காத்து நிற்கிறார்கள். மற்றத் தாய்மார்கள் பேசிச் சிரித்துக்கொண்டிருக்க, ஒரு தாய் மட்டும் சற்று ஒதுங்கி நிற்பதை நாம் பல பள்ளிகளில் காணலாம். வகுப்பாசிரியை வெளியே வந்து என்ன சொல்லப்போகிறார் என்று அவருக்குத் தெரியும். "இன்னைக்கும் உங்க பையன் ஒரு இடத்துல உட்காரல. பக்கத்துப் பிள்ளையத் தள்ளிவிட்டான். வீட்டுல கொஞ்சம் சொல்லி வளங்கம்மா." தாய் தலைகுனிந்து, "சரிங்க மிஸ்" என்கிறார். வீட்டுக்குப் போகும் வழியில் அவர் கண்கள் கலங்குகின்றன. ஆசிரியையின் மனமும் கனத்துத்தான் இருக்கிறது. நாற்பது பிள்ளைகளுக்கு நடுவே அந்த ஒருவனை எப்படி நடத்துவது என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இருவருமே அந்தப் பிள்ளையின் நலனை விரும்புகிறார்கள். ஆனால் இருவரும் ஒருவரையொருவர் பார்த்து அஞ்சுகிறார்கள். எந்தப் பிள்ளைக்கும் இது நல்லதல்ல. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கோ இந்த இடைவெளி அதன் வளர்ச்சியையே தடுத்துவிடக் கூடியது. அது ஏன் என்பதையும், இந்த இடைவெளியை எப்படிக் குறைக்கலாம் என்பதையும் இங்கே சிந்திப்போம்.

ஆட்டிசம் என்பது என்ன?

ஆட்டிசத்தைத் தமிழில் மதியிறுக்கம் என்றும் சொல்கிறார்கள். 1943 ஆம் ஆண்டு அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பணியாற்றிய லியோ கானர் என்னும் மருத்துவர், தம்மிடம் வந்த 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அந்தக் கட்டுரையின் வழியாகத்தான் மருத்துவ உலகம் இதைத் தனியாக அடையாளம் காணத் தொடங்கியது. இது ஒரு தொற்றுநோய் அல்ல, மனநோயும் அல்ல. மூளை வளரும் விதத்திலேயே ஏற்படும் ஒரு வேறுபாடு. பிறவியிலேயே அமைவது. இதில் மரபணுக்களுக்குப் பெரும் பங்கு உண்டு. உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2021 ஆம் ஆண்டில் ஏறக்குறைய 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருந்தது. அப்படியானால் ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியில் ஏழெட்டுப் பேராவது இருக்கலாம். நமது பள்ளியில் ஒருவரும் இல்லை என்று நாம் சொன்னால், இன்னும் கண்டுகொள்ளவில்லை என்றோ, அவர்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள் என்றோதான் பெரும்பாலும் பொருள்.

மூன்று காரியங்களில் இப்பிள்ளைகள் வேறுபட்டு நிற்கிறார்கள். முதலாவது, பிறரோடு உறவாடுவதும் கருத்தைப் பகிர்வதும். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, விரும்பிய பொருளை விரல் நீட்டிக் காட்டாமை, பேச்சு தாமதமாதல், நன்றாகப் பேசினாலும் கேலியையும் மறைபொருளையும் புரிந்துகொள்ளாமை போன்றவை இதில் அடங்கும். இரண்டாவது, மாறாத ஒழுங்கின்மேல் உள்ள பிடிப்பு. சென்ற வழியிலேயே செல்ல வேண்டும், அடுக்கியபடியே பொருள்கள் இருக்க வேண்டும், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். மூன்றாவது, புலன்களின் வேறுபாடு. மிக்சியின் சத்தம், குழல்விளக்கின் மினுக்கம், சட்டைக் காலரில் தைத்த சீட்டு, கூட்டத்தின் நெருக்கம் என நமக்குச் சாதாரணமாகத் தோன்றுபவை அவர்களுக்குத் தாங்க முடியாத வேதனையாகலாம்.

எல்லாப் பிள்ளைகளிடமும் இவை ஒரே அளவில் இருப்பதில்லை. பேச்சே வராத பிள்ளையும் உண்டு; வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளையும் உண்டு. ஆண் பிள்ளைகளிடம்தான் அதிகமாகக் கண்டறியப்படுகிறது. பெண் பிள்ளைகள் மற்றவர்களைப் பார்த்து அவர்களைப் போலவே நடந்துகொள்ள முயல்வதால், "கூச்ச சுபாவம்" என்று சொல்லிப் பல ஆண்டுகள் விட்டுவிடுகிறோம்.

யார் செய்த பாவம்?

பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்டபோது, அவர் இப்படிப் பிறக்கக் காரணம் அவர் செய்த பாவமா, அவர் பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் ஆண்டவரிடம் கேட்டார்கள். இருவரும் காரணமல்ல என்று ஆண்டவர் தெளிவாகச் சொன்னதை யோவான் நற்செய்தியின் 9 ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஆனாலும் அந்தக் கேள்வி இன்னும் ஓயவில்லை. ஆட்டிசத்தின் வரலாற்றிலேயே அது பெரும் காயத்தை ஏற்படுத்தியிருக்கிறது.

1940களின் இறுதியிலிருந்து ஏறக்குறைய இருபது ஆண்டுகள், மேலைநாட்டு மருத்துவர்களில் பலர் தாய்மார்களையே குற்றம் சாட்டினார்கள். அன்பில்லாத, குளிர்ந்துபோன மனமுள்ள தாயிடம் வளர்வதால்தான் பிள்ளை தனக்குள் ஒடுங்கிவிடுகிறது என்றார்கள். சிகாகோவில் ஒரு பள்ளியை நடத்திய புருனோ பெட்டல்ஹைம் 1967 ஆம் ஆண்டு வெளியிட்ட நூல் இக்கருத்தை உலகெங்கும் பரப்பியது. பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைப்பதே மருந்து என்று நம்பிய காலம் அது.

அந்தக் கருத்தை உடைத்தவர்களில் பெற்றோர்களே முன்னணியில் நின்றார்கள். லண்டனில் 1962 ஆம் ஆண்டு பெற்றோர்கள் கூடி ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரான லோர்னா விங் தாமே மனநல மருத்துவர். ஆட்டிசம் உள்ள மகளின் தாய். அமெரிக்காவில் பெர்னார்டு ரிம்லண்டு என்னும் உளவியலாளர், ஆட்டிசம் உள்ள மகனின் தந்தை, இதன் வேர் உடலில்தான் இருக்கிறது என்று 1964 ஆம் ஆண்டு நூல் எழுதினார். ஒரு காலத்தில் பெற்றோரின் குளிர்ச்சியைப் பற்றி எழுதிய கானரே, 1969 ஆம் ஆண்டு பெற்றோர்கள் கூடிய ஒரு மாநாட்டில், அவர்கள்மேல் குற்றமில்லை என்று வெளிப்படையாக அறிவித்தார்.

நமது சிந்தனைக்கு மிக முக்கியமான மாற்றம் வட கரோலினா மாநிலத்தில் நடந்தது. எரிக் ஷாப்ளர் என்பவரும் ராபர்ட் ரைக்லர் என்பவரும் 1960களின் நடுவில், அங்குள்ள பல்கலைக்கழகத்தில் ஒரு புதிய முயற்சியைத் தொடங்கினார்கள். பெற்றோரை நோய்க்குக் காரணமானவர்களாகப் பார்க்காமல், பயிற்சி அளிப்பதில் தங்களுக்குத் துணைவர்களாக ஏற்றார்கள். பயிற்சியாளர் பிள்ளைக்குக் கற்பிப்பதைப் பெற்றோர் பார்ப்பார்கள். பெற்றோர் வீட்டில் செய்வதைப் பயிற்சியாளர் பார்ப்பார். 1972 ஆம் ஆண்டு அந்த மாநிலத்தின் சட்டமன்றம் இதை மாநிலம் முழுவதற்குமான திட்டமாக ஏற்றுக்கொண்டது. டீச் என்று அழைக்கப்படும் இம்முறை பின்னர் பல நாடுகளுக்கும் பரவியது. நம் நாட்டிலும் ஒரு தாயே இப்பணியின் முன்னோடி. புதுதில்லியில் மெரி பருவா 1991 ஆம் ஆண்டு தொடங்கிய ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம் என்னும் அமைப்பு, பெற்றோருக்குப் பயிற்சி அளிப்பதைத் தன் பணியின் மையமாகக் கொண்டது.

இவ்வளவு நடந்த பின்னும், "கர்ப்பமா இருக்கும்போது நீ எதைப் பார்த்துப் பயந்த?" என்று மருமகளிடம் கேட்கும் வீடுகள் நம் பங்குகளில் உண்டு. "செல்போனைக் கொடுத்துக் கெடுத்துட்டீங்க" என்று சொல்லும் பள்ளிகளும் உண்டு. தடுப்பூசியால் வந்தது என்ற வதந்தியும் உண்டு. தடுப்பூசியோடு ஆட்டிசத்தை இணைத்து 1998 ஆம் ஆண்டு லண்டன் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான கட்டுரையை, அந்த இதழே 2010 ஆம் ஆண்டு திரும்பப் பெற்றுவிட்டது. எனவே முதல் வேலை இது: பழி சொல்வதை நிறுத்துவோம். பழிக்கு அஞ்சும் பெற்றோர் உண்மையை மறைப்பார்கள். உண்மை மறைக்கப்பட்ட வகுப்பறையில் ஆசிரியர் இருட்டில் கைகளால் துழாவ வேண்டியிருக்கும்.

இரண்டு இடம், இரண்டு பிள்ளையா?

"பள்ளியில் நன்றாகச் செய்கிறான், வீட்டில் செய்வதில்லை" என்று சிலரும், "வீட்டில் எல்லாம் சொல்கிறான், பள்ளியில் வாயே திறப்பதில்லை" என்று சிலரும் சொல்வதைக் கேட்டிருப்போம். உடனே ஆசிரியர் பெற்றோரைச் சந்தேகிக்கிறார். பெற்றோர் ஆசிரியரைச் சந்தேகிக்கிறார்கள். உண்மையில் இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம்.

ஒரு சாதாரணப் பிள்ளை பள்ளியில் கை கழுவக் கற்றால், வீட்டுக் குழாயிலும், கோயில் திருவிழாவின் தண்ணீர்த் தொட்டியிலும் கை கழுவிவிடும். ஓரிடத்தில் கற்றதை மற்ற இடங்களுக்கும் அது தானாகவே எடுத்துச் செல்கிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்கு இந்த எடுத்துச் செல்லுதல் தானாக நடப்பதில்லை. பள்ளியில் பச்சைப் பாயில் அமர்ந்து எண்ணிய பிள்ளைக்கு, வீட்டு நாற்காலியில் அமர்ந்து எண்ணுவது வேறொரு புதிய பாடம். படம் பார்த்துக் கழிப்பறைக்குப் போகக் கற்ற பிள்ளை, அந்தப் படம் இல்லாத வீட்டில் உடையை நனைத்துவிடலாம். அது அடமும் அல்ல, மறதியும் அல்ல.

இதோடு நம் மொழிச் சூழலையும் சேர்த்துப் பாருங்கள். அம்மா "தண்ணி" என்கிறார். ஆங்கிலவழிப் பள்ளியின் ஆசிரியை "வாட்டர்" என்கிறார். பாடநூலில் "நீர்" என்று இருக்கிறது. நமக்கு மூன்றும் ஒன்று. சொல்லைச் சொல்லாகவே பிடித்துக்கொள்ளும் ஒரு பிள்ளைக்கு அவை மூன்று வெவ்வேறு பொருள்கள். வீட்டில் அழுதால் பிஸ்கட் கிடைக்கிறது, பள்ளியில் அழுதால் வெளியே நிற்க வேண்டியிருக்கிறது என்றால், அழுகையின் பொருளும் இரண்டாகிவிடுகிறது.

ஆகவேதான் பெற்றோர் ஆசிரியர் ஒத்துழைப்பு இப்பிள்ளைகளுக்குக் கல்விமுறையின் ஒரு பகுதியாகவே ஆகிறது. வீட்டிலும் பள்ளியிலும் ஒரே சொல், ஒரே படம், ஒரே ஒழுங்கு இருந்தால் பிள்ளை ஒரு முறை கற்றது இரண்டு இடங்களிலும் நிலைக்கும். இல்லையெனில் ஆசிரியர் பகலெல்லாம் கட்டியதை வீடு அறியாது. தாய் இரவெல்லாம் கட்டியதைப் பள்ளி அறியாது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. "ஒரே மொழி" என்றவுடன், வீட்டில் தமிழை விட்டுவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்று சிலர் ஆலோசனை கூறுகிறார்கள். அது தேவையில்லை. இரண்டு மொழிகளைக் கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள பிள்ளையின் மொழி வளர்ச்சி கெடுவதில்லை என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. தாய்மொழியைப் பறித்தால் பாட்டியோடும் தாத்தாவோடும் உள்ள உறவையும் பறித்துவிடுகிறோம். அன்றாடம் மிகத் தேவையான பத்துப் பதினைந்து சொற்களுக்கு மட்டும் வீடும் பள்ளியும் ஒரே சொல்லை முடிவுசெய்து, அதற்கு ஒரே படத்தையும் வைத்துக்கொண்டால் போதும். பேச்சு வராத பிள்ளை படத்தை எடுத்துக் கொடுத்துத் தன் தேவையைத் தெரிவிக்கலாம். படம் காட்டினால் பேச்சு வராது என்று அஞ்ச வேண்டியதில்லை.

பெற்றோர் கொண்டுவர வேண்டியது

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 ஆம் ஆண்டு வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய ஏட்டில், பெற்றோரே பிள்ளைகளின் முதலும் முதன்மையுமான கல்வியாளர்கள் என்று கற்பித்தது. ஆட்டிசம் உள்ள பிள்ளையின் விஷயத்தில் இது சொல்லுக்குச் சொல் உண்மை. அந்தப் பிள்ளையைப் பற்றிய பாடநூல் எந்தக் கல்லூரியிலும் இல்லை. பெற்றோரின் மனத்தில்தான் இருக்கிறது. அதை ஒரு பக்கத்தில் எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். பிள்ளைக்கு எது பிடிக்கும்? எந்தச் சத்தம் தாங்காது? எதைச் சாப்பிடும், எதைத் தொடாது? கோபம் வெடிக்குமுன் என்ன அடையாளம் காட்டும்? காதைப் பொத்துமா, விரலைக் கடிக்குமா? அப்போது என்ன செய்தால் அமைதியாகும்? எழுதத் தெரியாத பெற்றோராயின் சொல்லச் சொல்ல ஆசிரியரே எழுதிக்கொள்ளலாம்.

சேர்க்கையின்போது உண்மையை மறைக்காதீர்கள். இடம் கிடைக்காதோ என்ற அச்சம் நமக்குப் புரிகிறது. ஆனால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசத்தையும் சேர்த்துள்ளது. அரசின் நிதியுதவியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்கள் இப்பிள்ளைகளைப் பாகுபாடின்றிச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அச்சட்டம் கூறுகிறது. அடையாள அட்டை வாங்குவதை அவமானமாக எண்ண வேண்டாம். தேர்வுச் சலுகைகளும் அரசு உதவிகளும் பெற அதுவே வாசல். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005 ஆம் ஆண்டு முதல் இயங்கும் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்திலும், மாவட்ட அரசு மருத்துவமனையிலும் வழிகாட்டுதல் பெறலாம்.

தந்தையருக்கு ஒரு வார்த்தை. பள்ளிக்கு வருவதும், பேச்சுப் பயிற்சிக்கு அலைவதும், உறவினரின் ஏச்சைக் கேட்பதும் பெரும்பாலும் தாயின் தோளிலேயே விழுகின்றன. மாதம் ஒருமுறை ஆசிரியரைச் சந்திக்கும் நாளிலாவது நீங்களும் உடன் வாருங்கள்.

ஆசிரியர் கொண்டுவர வேண்டியது

நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒருவருக்காக எல்லாவற்றையும் மாற்ற முடியுமா என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயமே. பல மாற்றங்கள் சிறியவை, செலவில்லாதவை. அன்றைய பாடவேளைகளை ஐந்தாறு படங்களாக வரைந்து சுவரிலோ மேசையிலோ ஒட்டுங்கள். அடுத்து என்ன என்று தெரிந்தாலே பாதிப் பதற்றம் குறைந்துவிடும். ஒரு நேரத்தில் ஒரு கட்டளை மட்டும், சுருக்கமாகச் சொல்லுங்கள். "புத்தகத்தை மூடிட்டு, நோட்டை எடுத்து, தேதி போட்டு..." என்று தொடர்ந்தால் முதல் சொல்லோடு பிள்ளை நின்றுவிடும். ஜன்னல் ஓரமோ வாசல் ஓரமோ அல்லாத, சத்தம் குறைந்த இருக்கையைக் கொடுங்கள். மணி அடிக்குமுன், காலை வழிபாடு மாறுமுன், வேறு ஆசிரியர் வருமுன் ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லுங்கள். ஒரு நல்ல மாணவரைப் பக்கத்தில் தோழராக அமர்த்துங்கள். அரசுப் பள்ளிகளுக்கு வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்பாசிரியரைப் போலவே, நம் பள்ளிகளிலும் சில பள்ளிகள் சேர்ந்து ஒரு சிறப்பாசிரியரை நியமிக்கத் தாளாளர்களாகிய குருக்களும் அருள்சகோதரிகளும் முன்வர வேண்டும்.

ஒரு பிள்ளை தள்ளினாலோ கத்தினாலோ, தண்டிக்குமுன் ஒரு கேள்வியைக் கேட்போம்: இதற்குச் சற்று முன்பு என்ன நடந்தது? வாயால் சொல்ல முடியாத பிள்ளை உடலால் சொல்கிறது. அந்தச் செய்தியைப் படிக்காமல் அடித்தால், அடுத்த முறை இன்னும் சத்தமாகச் சொல்லும்.

ஒரு நூறு பக்க நோட்டு

இருவரையும் இணைக்கும் எளிய கருவி ஒன்று உண்டு. பிள்ளையின் பையில் வீட்டுக்கும் பள்ளிக்கும் போய்வரும் ஒரு குறிப்பேடு. காலையில் வீட்டிலிருந்து மூன்று வரி: தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, வீட்டில் ஏதாவது புதிதாக நடந்ததா. மாலையில் பள்ளியிலிருந்து மூன்று வரி: இன்று நன்றாகச் செய்தது என்ன, கடினமாக இருந்தது என்ன, எந்த நேரத்தில். "நன்றாகச் செய்தது" என்பதே எப்போதும் முதல் வரியாக இருக்கட்டும். குறைகளை மட்டுமே சுமந்து வரும் குறிப்பேட்டைத் திறக்கவே தாயின் கை நடுங்கும்.

இது எப்படிப் பயன்படும் என்பதற்கு ஒரு பிள்ளையைக் கற்பனை செய்துகொள்வோம். இரண்டாம் வகுப்பு. வாரத்தில் நான்கு நாள் ஓரளவு அமைதியாக இருக்கிறான். திடீரெனச் சில நாள்கள் அழுது, உருண்டு, பக்கத்திலிருப்பவரைக் கிள்ளுகிறான். "அடம்" என்கிறார் ஆசிரியை. "வீட்டிலிருந்து நல்லாத்தானே வந்தான்" என்கிறார் தாய். ஒரு மாதம் குறிப்பேட்டை எழுதியபின் இருவரும் சேர்ந்து திருப்பிப் பார்க்கிறார்கள். அழுத நாள்கள் எல்லாம் புதன்கிழமை. அன்று என்ன? விளையாட்டுச் சீருடை. வெள்ளை நிறம், கஞ்சி போட்ட துணி, கழுத்தில் உறுத்தும் சீட்டு. தாய் அந்தச் சீட்டை வெட்டி, துணியைப் பலமுறை துவைத்து மென்மையாக்கி அனுப்புகிறார். ஆசிரியை, செவ்வாய் மாலையே நாளைய உடையின் படத்தைக் காட்டுகிறார். புதன்கிழமைகள் மெல்ல மற்ற நாள்களைப் போல ஆகின்றன. ஆசிரியைக்குச் சீருடையின் உறுத்தல் தெரியாது. தாய்க்கு வகுப்பறையின் நேரம் தெரியாது. இரண்டும் ஒரே தாளில் வந்தபோதுதான் காரணம் தெரிந்தது.

மாதம் ஒருமுறை இருபது நிமிடம் உட்கார்ந்து பேசுங்கள். வாசலில் நின்றுகொண்டு, பிள்ளையின் முன்னாலும் மற்றப் பெற்றோரின் முன்னாலும் பேச வேண்டாம். ஒரு பருவத்திற்கு இரண்டே இலக்குகள் போதும். "தானாகச் சோற்றுப் பெட்டியைத் திறந்து மூடுவது", "வெளியே போக வேண்டுமென்றால் படத்தைக் காட்டுவது" என்பது போலச் சிறிய, கண்ணால் காணக்கூடிய இலக்குகள். அதற்கு வீட்டில் யார் என்ன செய்வது, பள்ளியில் யார் என்ன செய்வது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

கருத்து வேறுபடும்போது

சில வேளைகளில் ஆசிரியரே முதலில் கவனிக்கிறார். அப்போது "உங்க பிள்ளைக்கு ஆட்டிசம்" என்று சொல்வது ஆசிரியரின் வேலையல்ல. அது மருத்துவரின் பணி. "பெயர் சொன்னால் திரும்புவதில்லை, தனியாகவே விளையாடுகிறான், சத்தம் வந்தால் காதைப் பொத்துகிறான், வீட்டில் எப்படி?" என்று பார்த்ததை மட்டும் சொல்லிக் கேட்கலாம். வேறு சில வேளைகளில் தாய் கவலைப்படுகிறார். "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு, போகப் போகச் சரியாயிடும்" என்று சுற்றியிருப்பவர்கள் தள்ளிப்போடுகிறார்கள். பயிற்சியை எவ்வளவு விரைவில் தொடங்குகிறோமோ அவ்வளவு நன்மை. காத்திருப்பதால் எதுவும் கிடைப்பதில்லை.

முழுவதும் குணமாக்குவோம் என்று சொல்லிப் பணம் பறிப்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஆட்டிசத்தை நீக்கும் மருந்து எதுவும் இல்லை. பொறுமையான பயிற்சிதான் வழி. ஜெபிப்போம், அது பெற்றோருக்கு வலிமை தரும். ஆனால் பிள்ளைக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லி அடிப்பதும், கட்டிவைப்பதும், பயிற்சியை நிறுத்திவிட்டு ஊர் ஊராக அழைத்துப் போவதும் பிள்ளைக்குச் செய்யும் கொடுமை. திருச்சபை அதை ஏற்பதில்லை.

பங்கின் கதவும் திறக்கட்டும்

மூன்றாவது ஓர் இடமும் உண்டு. ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு. வீடும் பள்ளியும் பயன்படுத்தும் அதே படங்களையும் சொற்களையும் மறைக்கல்வி ஆசிரியரும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். 2020 ஆம் ஆண்டு வெளியான மறைக்கல்வி வழிகாட்டி, மாற்றுத்திறன் உடையோருக்கு அருளடையாளங்களை மறுக்க எவருக்கும் உரிமையில்லை என்று கூறுகிறது. மந்திரங்களை மனப்பாடமாகச் சொல்ல இயலாததால் ஒரு பிள்ளையின் முதல் நற்கருணை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போகக் கூடாது. புதிய சுவையையும் தன்மையையும் ஏற்கச் சிரமப்படும் பிள்ளைக்கு, அர்ச்சிக்கப்படாத அப்பத்தைக் கொடுத்துச் சில வாரங்கள் வீட்டில் பழக்கலாம். கூட்டமில்லாத வார நாள் திருப்பலியில் அருளடையாளத்தைக் கொடுக்கலாம்.

காது கேளாத, திக்கிப் பேசும் ஒருவரை ஆண்டவரிடம் கொண்டுவந்ததை மாற்கு நற்செய்தியின் 7 ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். ஆண்டவர் முதலில் அவரைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் சென்றார். பிறகு காதையும் நாவையும் தொட்டார். அதன்பிறகே பேசினார். சத்தத்தைக் குறைத்து, புரியும் அடையாளத்தைக் காட்டி, பின்னர் சொல்லைச் சொல்வது நல்ல ஆசிரியரின் முறையும் ஆகும்.

2014 ஆம் ஆண்டு நவம்பரில் ஆட்டிசம் பற்றிய மாநாடு ஒன்று வத்திக்கானில் நடந்தது. அதன் நிறைவில் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் ஆட்டிசம் உள்ளவர்களையும் குடும்பங்களையும் சந்தித்து, அவர்களைச் சூழ்ந்துள்ள தனிமையை உடைக்குமாறு அனைவரையும் கேட்டுக்கொண்டார். நம் ஆலயத்தில் அத்தனிமை எப்படி உருவாகிறது? பிள்ளை ஒரு சத்தம் எழுப்பியதும் நாலு வரிசை திரும்பிப் பார்க்கிறது. அடுத்த ஞாயிறு அந்தத் தாய் வெளியே மரத்தடியில் நிற்கிறார். அதற்கடுத்த ஞாயிறு வருவதில்லை. ஒலிபெருக்கியிலிருந்து தள்ளி, வாசலுக்கு அருகே ஓர் இருக்கையை அக்குடும்பத்திற்கென வைப்பதும், திருவிழா வேட்டுக்கு முன்னரே அவர்களுக்குத் தெரிவிப்பதும், திரும்பிப் பார்க்காமல் இருப்பதும் நம்மால் முடிந்தவையே. அன்பியக் கூட்டத்தை அவர்கள் வீட்டிலேயே ஒரு முறை வைத்துப் பாருங்கள்.

நமக்குப் பின் யார்?

இப்பெற்றோரின் உள்ளத்தில் இரவும் பகலும் ஒலிக்கும் கேள்வி இதுதான். நாங்கள் கண்மூடிய பின் இந்தப் பிள்ளையை யார் பார்ப்பார்கள்? 1999 ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம், 18 வயதுக்குப் பின் தேவைப்படுவோருக்குச் சட்டப்படியான காப்பாளரை நியமிக்க வழி செய்துள்ளது. அதன் நிராமயா திட்டம் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு தருகிறது. இவற்றைப் பயன்படுத்துங்கள்.

ஆனால் அக்கேள்விக்கான பதில் பெருமளவு இன்றைய வகுப்பறையிலும் இன்றைய அடுப்பங்கரையிலும்தான் தயாராகிறது. தானாகக் குளிக்க, உடுத்த, பசியைச் சொல்ல, வலியைக் காட்ட, கடையில் மீதிச் சில்லறை வாங்க ஒரு பிள்ளை கற்றுவிட்டால், அதன் நாளைய வாழ்வு அவ்வளவுக்கு அவ்வளவு பாதுகாப்பாகிறது. இவற்றில் எதையும் வீடு தனியாகக் கற்பித்துவிட முடியாது. பள்ளியும் தனியாகக் கற்பித்துவிட முடியாது.

எனவே அன்பார்ந்தவர்களே, இந்த வாரமே ஒரு நோட்டு வாங்குங்கள். பெற்றோரே, முதல் பக்கத்தில் உங்கள் பிள்ளையைப் பற்றி எழுதுங்கள். ஆசிரியரே, அதை வாசித்துவிட்டு, அன்று அந்தப் பிள்ளை நன்றாகச் செய்த ஒன்றை அடுத்த பக்கத்தில் எழுதுங்கள். பங்குத்தந்தையரும் மறைக்கல்வி ஆசிரியர்களும் ஞாயிறன்று அதைக் கேட்டு வாங்கிப் பார்ப்போம். இறைவன் நம் இல்லங்களையும் பள்ளிகளையும் ஆசீர்வதிப்பாராக!